கம்பளிப்பூச்சி தின்ன வரும் கொண்டைக் குயில்

புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி முழுவதும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளிலும், கோடியக்கரை போன்ற கடலோரக் காடுகளிலும் ஒரு புதிய பறவை வந்து இறங்குகிறது. தலையும் முதுகும் நீண்ட வாலும் கறுப்பு. சிறகு இரண்டும் சுட்ட செங்கல் நிறம். தலையில் பின்பக்கம் சாய்ந்த கறுப்புக் கொண்டை. இதைக் காணும் விவசாயிகளில் பத்துக்கு ஒன்பது பேர் "செம்போத்து" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இது செம்போத்து அல்ல. இமயமலை அடிவாரத்திலிருந்து சுமார் 2000 கிலோமீட்டர் பறந்து வந்து, பனிக்காலத்தை நம்மோடு கழித்துவிட்டுத் திரும்பும் ஒரு காட்டுக் குயில். ஊர்ப்புறத்தில் இதையும் செம்போத்துக் கணக்கிலேயே சேர்த்துவிடுவதால், குழப்பம் வராமலிருக்க இக்கட்டுரையில் செஞ்சிறகுக் கொண்டைக் குயில் என்று குறிப்பிடுகிறேன்.

விவசாயப் பக்கத்தில் பறவையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் முருங்கையிலும், ஏலத்தோட்டத்து நிழல் மரங்களிலும், ஆமணக்கிலும் கம்பளிப்பூச்சி பெருகுவதை நீங்கள் அறிவீர்கள். உடம்பெல்லாம் மயிர் நிறைந்த இப்பூச்சிகளைக் காக்கையோ மைனாவோ எளிதில் தொடுவதில்லை. அவற்றை விரும்பித் தின்பவை குயில் இனப் பறவைகளே. பூச்சி பெருகும் அதே மாதங்களில் விருந்தாளியாக வந்து சேரும் குயில் இது. நாமோ அந்தச் சமயம் பார்த்து மரம் முழுதும் நஞ்சு தெளித்து வைக்கிறோம்.

அடையாளம் கண்டுகொள்வது எப்படி?

செம்போத்தையும் இந்தக் குயிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே இராது. பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் வாய்ப்பில்லை. ஆகவே சில குறிப்புகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். செம்போத்துக்குக் கழுத்து, மார்பு, வயிறு எல்லாம் கறுப்பு. சிறகு மட்டுமே செம்பழுப்பு. கொண்டைக் குயிலுக்குத் தொண்டையும் மேல்மார்பும் மஞ்சள் கலந்த செம்மை நிறம். அதற்குக் கீழே வயிறு வெள்ளை. கிளை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவையைக் கீழிருந்து பார்த்தால் இந்த ஒரு குறிப்பே போதும்.

அடுத்தது பிடரி. கறுப்புத் தலைக்கும் கறுப்பு முதுகுக்கும் நடுவில் வெள்ளைப் பட்டி ஒன்று அரைவட்டமாகக் காணப்படும். துண்டை மடித்துக் கழுத்தின் பின்புறம் போட்டது போல் இருக்கும். செம்போத்துக்கு இது கிடையாது. கொண்டையும் கிடையாது. செம்போத்தின் கண் குங்குமம் போல் சிவந்து தூரத்திலிருந்தே தெரியும். இந்தக் குயிலின் கண் அவ்வளவு எடுப்பாகத் தெரிவதில்லை.

நீளத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை கொண்டைக் குயில் சுமார் 47 செ.மீ. இருக்கும். அதில் பாதி வாலுக்கே போய்விடும். உடம்பு மெலிவு. செம்போத்து கனத்த பறவை. தரையில் கோழி போல நடந்து, புதருக்குள் புகுந்து, நத்தை, ஓணான், முட்டை, குஞ்சு என்று அகப்பட்டதைத் தின்னும். பறக்கச் சொன்னால் நாலு தடவை சிறகடித்து, மிதந்து, அடுத்த புதரில் பொத்தென்று விழும். கொண்டைக் குயில் தரைக்கு வருவது அரிது. புதர் உச்சியிலும் மரத்தின் இலைச் செறிவிலும் கிளைக்குக் கிளை தாவி இரை தேடும். பறக்கும்போது வேகமாகச் சிறகடித்து நேராகப் போகும். அப்போது சிறகின் செம்மை நிறம் பளிச்சென்று தெரியும்.

குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்று பயிற்சி முகாம்களில் கேட்பார்கள். நம் பகுதியில் தங்கும் மாதங்களில் இது பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. செம்போத்து 'ஊக் ஊக்' என்று தோப்பு அதிரக் கத்தும். ஆகவே செம்மையான சிறகோடு சத்தமில்லாமல் மரத்துக்குள் ஒன்று நகர்ந்தால், ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது.

இளம் பறவைகளில் கறுப்பு நிறம் இராது. முதுகு பழுப்பாகவும், இறகுகளின் ஓரம் செம்பழுப்பாகவும் இருப்பதால் மீன் செதில் அடுக்கியது போல் தோன்றும். கொண்டையும் குட்டையாகவே இருக்கும். அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகளும் இங்கே வருவதால், இப்படி ஒரு பறவை தென்பட்டால் வேறு இனம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை.

இதன் நெருங்கிய உறவினமான சுடலைக் குயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கும் கொண்டை உண்டு. ஆனால் அது அளவில் சிறியது, 33 செ.மீ. அளவே இருக்கும். மேலே கறுப்பு, கீழே வெள்ளை. செம்மை நிறம் எங்கும் இல்லை. சிறகில் ஒரு வெள்ளைத் திட்டும், வால் இறகுகளின் நுனியில் வெள்ளையும் இருக்கும். அடர்ந்த காட்டை விட வேலமரக் காடு, மேய்ச்சல் புறம்போக்கு, மானாவாரி நிலத்து வேலிகள் ஆகியவையே அதற்கு உகந்த இடம். பாம்புத்தோல் போல் வரி வரியாக வால் உள்ளதாய், வல்லூறு போன்ற தோற்றத்தோடு ஒன்று கோடையில் இரவு பகல் பாராமல் கத்தினால் அது அக்கா குயில். அதற்குக் கொண்டை இல்லை. வல்லூறு என்று நினைத்துக் கோழிக்குஞ்சுக்குப் பயந்து அதன்மேல் கல்லெறிகிறார்கள். அது கோழிக்குஞ்சைத் தொடுவதில்லை.

நம் கடற்கரையின் பெயர்

இப்பறவைக்கு அறிவியலார் வைத்திருக்கும் இலத்தீன் பெயரின் பிற்பகுதி 'கோரமாண்டஸ்' என்பதாகும். கோரமண்டல் என்று ஐரோப்பியர் எழுதியது நம் சோழமண்டலக் கடற்கரையைத்தான். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1766 ஆம் ஆண்டில் இந்தப் பெயரைச் சூட்டினார். கடற்கரையிலிருந்து ஐரோப்பா போய்ச் சேர்ந்த பறவையைக் கொண்டு, இது அந்தப் பகுதிப் பறவை என்று எழுதி வைத்தார்கள். சுடலைக் குயிலின் கதையும் இதுவே. 1783 இல் அதற்குப் பெயர் வைத்தபோதும் ஆதாரமாக இருந்தது சோழமண்டலத்துக் கொண்டைக் குயில் என்று குறிக்கப்பட்ட பிரெஞ்சு ஓவியம் ஒன்றே. கறுப்பு வெள்ளை உடை உடுத்தும் ஒரு கிறிஸ்தவத் துறவியர் சபையின் பெயரையும் அதற்கு இட்டார்கள்.

பெயர் நம்முடையதாக இருந்தாலும் செஞ்சிறகுக் கொண்டைக் குயிலுக்குப் பிறந்த வீடு இங்கே இல்லை. இமயமலை அடிவாரக் காடுகளிலும், அசாம் முதலான வடகிழக்கு மாநிலங்களிலும், சீனாவின் தென்பகுதி வரையிலும்தான் அது இனப்பெருக்கம் செய்கிறது. கோடையும் மழையும் சேர்ந்த மாதங்களில் அங்கே முட்டையிட்டு, குளிர் தொடங்கியதும் தெற்கே புறப்படுகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பனிக்காலத்தைக் கழிக்கிறது. பங்குனி, சித்திரையில் திரும்பிவிடுகிறது. சோழமண்டலக் கரையோரம் ஐப்பசி வாக்கில் தென்படுபவற்றில் பல, வழியில் தங்கிப் போகும் பறவைகள். கோடியக்கரைக் காட்டில் இளைப்பாறிவிட்டு இலங்கைக்கோ, மலைப் பக்கமோ சென்றுவிடும். பச்சை மாறாக் காடும், மூங்கில் புதரும், கொடி படர்ந்த ஓடைக் கரையும், நிழல் மரம் நிறைந்த காப்பி, ஏலத் தோட்டங்களும் உள்ள மலைச் சரிவுகளில்தான் மாதக்கணக்கில் தங்கும்.

குளிருக்குப் பயந்து வருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். குளிரை விடப் பசியே முக்கியக் காரணம். மார்கழி, தையில் இமயமலைச் சரிவில் புழு பூச்சிகள் அருகிவிடும். நம் பக்கத்தில் மழைக்குப் பின் தளிர் விட்டு, தளிரைத் தின்னப் புழு வந்து, எங்கும் இரை கிடைக்கும் காலம் அது.

இங்கே யார் கூட்டைக் கெடுக்கிறது?

குயில் சொந்தமாகக் கூடு கட்டாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நம் வீட்டுப் பக்கத்துக் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிறது. செஞ்சிறகுக் கொண்டைக் குயில் இமயமலைப் பக்கத்துச் சிரிப்பான் என்னும் பறவைகளின் கூட்டில் முட்டையிடுகிறது. சிரிப்பான் முட்டையும் நீலம். இதன் முட்டையும் நீலம். அந்தப் பறவை வேறுபாடு தெரியாமல் அடைகாத்து, குஞ்சையும் வளர்த்து ஆளாக்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் இது முட்டையிடுவதில்லை. ஆகவே நம் தோப்பிலுள்ள எந்தப் பறவையின் கூட்டுக்கும் இதனால் கேடு கிடையாது.

சுடலைக் குயிலின் சங்கதி வேறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் தங்கி இனப்பெருக்கம் செய்யும் பிரிவு ஒன்று அதில் உண்டு. இதைத் தவிர, ஆப்பிரிக்காவிலிருந்து அரபிக்கடலைத் தாண்டித் தென்மேற்குப் பருவமழையோடு வட இந்தியாவுக்கு வரும் பிரிவும் இருக்கிறது. மழைத்துளியை மட்டுமே பருகி வாழும் என்று கதைகளில் வரும் சாதகப் பறவை இதுவே என்பார்கள். 2020 ஆம் ஆண்டில் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் இரண்டு சுடலைக் குயில்களின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, அவற்றின் பயணத்தைப் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார்கள்.

நம் ஊரில் கூட்டம் கூட்டமாகச் சலசலத்துத் திரியும் தவிட்டுக் குருவிகளின் கூட்டில்தான் சுடலைக் குயில் முட்டையிடும். அந்த முட்டையும் நீலமே. விடியற்காலையில் கூட்டின் விளிம்பில் வந்து நின்று, உட்காரக்கூட நேரமில்லாமல் முட்டையை உள்ளே போட்டுவிட்டு ஓடும். மேலிருந்து விழும் வேகத்தில் தவிட்டுக் குருவியின் முட்டைகள் சில சமயம் விரிந்துபோவதுண்டு. வேறு சில குயில்களின் குஞ்சு, கண் திறக்கும் முன்பே கூட்டிலுள்ள மற்ற குஞ்சுகளை முதுகால் உந்தி வெளியே தள்ளும். சுடலைக் குயில் குஞ்சுக்கு அந்தக் குணம் இல்லை. வளர்ப்புத் தாயின் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். தவிட்டுக் குருவியும் தரையைக் கிளறிப் பூச்சி தின்னும் பறவைதான். ஆகவே சுடலைக் குயில் வேண்டுமென்றால் தவிட்டுக் குருவிக்கு இடம் தரும் உயிர்வேலியும் வேண்டும். கிளுவை, நொச்சி, கள்ளி வேலிகளை வேரோடு பிடுங்கிக் கம்பி வலை போட்டுவிட்டு, முன்பெல்லாம் குருவிகள் நிறைய இருந்தன என்று சொல்வதில் பயனில்லை. கம்பி வலைக்குச் செய்யும் செலவில் பாதியைக் கொண்டு கிளுவை வேலியை நல்ல முறையில் அடர்த்தியாக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மயிரோடு விழுங்கும் வித்தை

கம்பளிப்பூச்சியின் மயிர் கையில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தடிப்பும் அரிப்பும் நாள் முழுக்க வாட்டும். இதைக் குயில் எப்படித் தின்கிறது? சுடலைக் குயில், அக்கா குயில் முதலியவற்றை நெருங்கிக் கவனித்தவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்திருக்கிறார்கள். புழுவை உடனே விழுங்குவதில்லை. ஒரு நுனியை அலகில் பிடித்து, மெல்ல மெல்ல மறுநுனி வரை அலகால் நசுக்கிக்கொண்டே போகும். சில தடவை உதறும். இப்படிச் செய்வதில் புழுவின் குடலிலுள்ள இலைக் கசடு பிதுங்கி வெளியேறிவிடும். எருக்கு, ஆமணக்கு போன்ற செடிகளைத் தின்ற புழுவானால் அதன் குடலில் வேண்டாத சாறு இருக்கும் அல்லவா? அதை நீக்கிவிட்டு மீதியைத்தான் விழுங்கும். வடை சுடும் முன் உளுந்தைக் களைவது போல இதையும் ஒரு பக்குவம் என்றே சொல்ல வேண்டும்.

மயிர் வயிற்றுக்குள்தான் போகிறது. குயிலினப் பறவைகளின் இரைப்பையை அறுத்துப் பார்த்தவர்கள், உட்புறத் தோலில் கம்பளிப்பூச்சி மயிர் குத்தி நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். அதனால் பறவைக்குப் பெரிய கெடுதல் நேர்வதில்லை. செரிக்காத மயிரை உருண்டையாக்கிக் கக்கிவிடும்.

எவ்வளவு தின்னும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவிலும் குயிலினப் பறவைகள் இருக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்நாட்டு வேளாண்மைத் துறையினர் பயிருக்கு எந்தப் பறவை நல்லது, எது கெட்டது என்று அறிய அவற்றின் இரைப்பைகளை ஆராய்ந்தார்கள். அங்குள்ள மஞ்சள் அலகுக் குயில் ஒன்றின் வயிற்றில் 250 கூடாரக் கம்பளிப்புழுக்கள் இருந்தன. இன்னொன்றில் வலை பின்னும் புழுக்கள் 217 இருந்தன. இது வேறு இனம்; வேறு நாடு. நம் கொண்டைக் குயிலும் இதே அளவு தின்னும் என்று நான் கூறவில்லை. எனினும், குயில் வயிற்றில் கம்பளிப்பூச்சி எந்த அளவுக்குச் சேரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நம் கொண்டைக் குயில் புழுக்களைத் தவிர, தும்பைப்பூச்சி, வெட்டுக்கிளி போன்றவற்றையும் தின்கிறது.

ஒன்றை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு தோப்புக்கு இந்தப் பறவை ஒன்றோ இரண்டோதான் வரும். நூறு முருங்கை மரங்களில் அடை அடையாகப் புழு ஏறியபின், குயில் வந்து காப்பாற்றும் என்று கைகட்டி உட்கார முடியாது. பறவையை வைத்துப் பூச்சியை அடியோடு ஒழிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். பூச்சி குறைவாக இருக்கும்போது அது பெருகாமல் தடுப்பதில்தான் பறவைகளின் உதவி இருக்கிறது. புழு பெருத்துவிட்டால் நாம்தான் இறங்க வேண்டும். எப்படி இறங்குவது என்பதே கேள்வி.

முருங்கையில் நஞ்சில்லாமல்

சிறு விவசாயிகள் வீட்டுப் புறக்கடையிலும் வரப்பிலும் வைத்திருக்கும் முருங்கையை எடுத்துக்கொள்வோம். பலத்த மழை பெய்ததும், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்தவை அந்துப்பூச்சியாக வெளிவருகின்றன. பெரிய, மஞ்சள் கலந்த பழுப்பு நிற அந்து. இலையிலும் இளங்கிளையிலும் குவியலாக முட்டையிடும். பொரித்த புழுக்கள் கூட்டமாகவே வாழும். பட்டையைச் சுரண்டும், இலையை மொட்டையடிக்கும். பகலில் அடிமரத்தில் கம்பளிப் போர்வை சுற்றியது போல் அடைந்து கிடக்கும்.

இந்த நிலையில்தான் பலர் கடைக்கு ஓடி, கடைக்காரர் கொடுக்கும் ஏதோ ஒரு மருந்தை வாங்கி வந்து மரம் முழுதும் அடிக்கிறார்கள். இதில் இரண்டு கெடுதல்கள். மறுநாளே அந்த மரத்தின் கீரை வீட்டு உலைக்கு வரும் அல்லது சந்தைக்குப் போகும். மற்றொன்று, மருந்து பட்ட புழு உடனே சாவதில்லை. துவண்டு, நகர முடியாமல் கிளையில் தொங்கும். பறவைக்கு இதைவிட எளிதான இரை எது? நஞ்சேறிய புழுக்களை ஒன்றன்பின் ஒன்றாக அது விழுங்கும். குடலை நசுக்கி வெளியேற்றும் வித்தை இலைச் சாற்றுக்குப் பயன்படும். புழுவின் தோலிலும் மயிரிலும் ஒட்டிய மருந்துக்குப் பயன்படாது. 2011 இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடை செய்தது. மனிதருக்கு அது செய்த கேட்டைத்தான் அப்போது எல்லோரும் பேசினார்கள். அதற்கு முன் எத்தனை ஆண்டு எத்தனை பறவைகள் அந்தப் புழுவைத் தின்றன என்று எண்ணியவர் யார்?

முருங்கைக் கம்பளிப்புழுவுக்கு வீரிய நஞ்சு தேவையே இல்லை. மழை பெய்த உடனே ஏக்கருக்கு ஒரு விளக்குப்பொறி வைத்து அந்துகளைக் கவர்ந்து அழிக்கலாம். விளக்கின் கீழ் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றிச் சிறிது மண்ணெண்ணெய் விட்டால் போதும். மாலை 7 மணிக்கு ஏற்றி 11 மணிக்கு அணைத்துவிட வேண்டும். விடிய விடிய எரிய விட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் வீணாக விழும். அடுத்து, வாரம் ஒரு முறை இலையின் மேல் பார்வை வைத்து, முட்டைக் குவியல்களையும் இளம் புழுக் கூட்டங்களையும் இலையோடு கிள்ளி எடுத்து அழிக்க வேண்டும். வளர்ந்த புழுக்கள் அடிமரத்தில் கூடிக் கிடக்கும்போது, நீளக் கழியின் நுனியில் துணி சுற்றிய பந்தத்தைக் கொளுத்தி அவற்றின் மேல் ஓட்டலாம். நம் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்து வந்த முறை இது. பந்தத்தை ஒரே இடத்தில் நிறுத்தினால் பட்டை வெந்து மரம் கெடும். சடசடவென்று நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கூரை வீடு, வைக்கோல் போர், காய்ந்த தென்னை மட்டை வேலி பக்கத்தில் இருந்தால் இந்த முறையை அறவே தவிருங்கள்.

தீப் பந்தம் கூடாத இடத்தில் மீன் எண்ணெய் ரோசின் சோப்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் கரைத்துப் புழுக் கூட்டத்தின் மேல் நேராகப் படும்படி தெளிக்கலாம். புழு நனைய வேண்டும். இலை நனைந்து பயனில்லை. இளம் புழுவாக இருக்கும்போது தெளித்தால் நல்ல பலன் கிடைக்கும். வேலை செய்பவர் முழுக்கைச் சட்டை அணிந்து, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொள்ள வேண்டும். மயிர் பட்டுவிட்டால் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஒட்டும் நாடாவை மேலே ஒட்டி உரித்தால் மயிர் கையோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம்.

தேனி மாவட்ட மலையடிவாரத்தில் ஒரு விவசாயி என்னிடம் கேட்டார்: "அய்யா, புழுவையெல்லாம் நாமே கொளுத்திட்டா அந்தக் குயிலு எதத் திங்கும்?" நியாயமான கேள்வி. அடிமரத்தில் அடையாய்க் கிடப்பதை அழித்தாலும், தோட்டத்து ஓரத்திலுள்ள காட்டு மரங்களிலும் வேலிச் செடிகளிலும் அதற்கு வேண்டிய அளவு இரை இருக்கும். அங்கே மருந்து அடிக்காமல் விட்டால் போதும். பயிருக்குச் சம்பந்தமில்லாத வேலியிலும் ஓடைக் கரையிலும் 'இருக்கட்டும்' என்று மீதி மருந்தை அடித்துத் தீர்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை விட வேண்டும்.

மானாவாரி நிலக்கடலை பயிரிடுவோருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்தும் கோடை மழையோ முதல் பருவமழையோ பெய்த சில நாட்களில் மண்ணிலிருந்து கிளம்பும். அந்த மாதங்களில் செஞ்சிறகுக் குயில் நம்மிடம் இராது; சுடலைக் குயில் இருக்கும். கோடை உழவு செய்தால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் பறவை வாயிலும் அழியும். விளக்குப்பொறி இங்கும் பயன்படும். புழு ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் படையெடுக்கும்போது ஓர் அடி ஆழத்தில் செங்குத்தான கரையுடன் வாய்க்கால் வெட்டி, அதில் விழுபவற்றை அழிக்க வேண்டும். ஒரு விவசாயி மட்டும் செய்தால் பலிக்காது. ஊரே ஒன்று சேர்ந்து ஒரே இரவில் விளக்கு வைத்தால்தான் பலன்.

களைத்து விழுந்த பறவை கிடைத்தால்

கொண்டைக் குயில் இரவில் பயணம் செய்கிறது. நெடுந்தூரம் பறந்து களைத்த பறவை காலையில் தோட்டத்திலோ வீட்டுச் சுவரோரத்திலோ உட்கார்ந்திருப்பதுண்டு. அருகில் போனாலும் பறக்காது. பிள்ளைகள் பிடித்துக் கூண்டில் அடைக்கப் பார்ப்பார்கள். கூண்டில் இது பிழைக்காது. அரிசியோ பழமோ கொடுத்தால் தின்னாது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அட்டைப் பெட்டி ஒன்றில் காற்றுத் துளைகள் இட்டு, அடியில் பழந்துணி விரித்து, பறவையை உள்ளே வைத்து மூடி, பூனை நாய் அணுகாத நிழலில் வைத்துவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூச்சுக் குழலில் போய்விடும். சில மணி நேரம் ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். பொழுது சாயும் முன் அடர்ந்த புதர் அருகே பெட்டியைத் திறந்து வைத்தால் தானே வெளியேறும். சிறகு ஒடிந்தோ காயம்பட்டோ இருந்தால் வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

இந்த ஐப்பசியில் உங்கள் தோப்பில் செஞ்சிறகுப் பறவை ஒன்று தென்பட்டால், வயிறு வெள்ளையா கறுப்பா, பிடரியில் பட்டி உண்டா, கொண்டை உண்டா என்று பாருங்கள். கொண்டைக் குயில்தான் என்று உறுதியானால் தேதியையும், எந்த மரத்தில் எதைத் தின்றது என்பதையும் மருந்துக் கணக்கு எழுதும் நோட்டிலேயே குறித்து வையுங்கள். செல்பேசியில் படம் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பங்குனியில் கடைசியாகப் பார்த்த நாளையும் அதே பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்து வேளாண்மை அலுவலரைச் சந்திக்கும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.